'பஸ் வருது'ன்னு சொன்னது நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ரிட்டையர்டு வாத்தியார். 1991, 2001, 2011 மூணு சென்சஸ்லயும் எங்க ஏரியால வீடு வீடா ஏறி இறங்கி கணக்கு எடுத்தவன். ஊர் பேரு, தாலுகா எதுவும் போடல, தென் மாவட்டம்னு மட்டும் வச்சுக்கோங்க. பேரு போட்டா இருக்குற ரெண்டு பஸ் நடையையும் கட் பண்ணிடுவாங்களோன்னு வீட்ல பயப்படுறாங்க, அவங்க பயத்துலயும் நியாயம் இருக்கு.

விஷயம் என்னன்னா, என் பேத்தி காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு சொந்த ஊர பத்தி எழுதணும்னு 2011 சென்சஸோட மாவட்ட கையேட்ட எடுத்துப் பாத்திருக்கா. அதுல ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வரிசை இருக்கும், வீடு எத்தன, ஆளு எத்தன, ஸ்கூல் இருக்கா, தபால் ஆபீஸ் இருக்கா, பஸ் வருதா, ரோடு என்ன ரோடுன்னு. எங்க ஊருக்கு நேரா அரசு பஸ் வசதி 'உண்டு'ன்னு போட்டிருந்துச்சு. அவ சிரிக்கல, கோவமும் படல, பேக்க தோள்ல மாட்டிக்கிட்டே "தாத்தா, எந்த பஸ்ஸு இது?"ன்னு கேட்டுட்டு விலக்குக்கு நடக்க கிளம்பிட்டா. விலக்குன்னா மெயின் ரோட்லேர்ந்து எங்க ஊருக்கு பிரியுற இடம், எங்க வீட்லேர்ந்து மூணு கிலோமீட்டர். எனக்கு அன்னிக்கு சோறு இறங்கல, ஏன்னா அந்த 'உண்டு' வந்ததுல எனக்கும் பங்கு இருக்கு.

வீடு வீடா போற எண்யூமரேட்டர் பாரத்துல பஸ் வசதி கேள்வி கிடையாது. அது தனி பாரம், கிராமத்து வசதிகள மட்டும் கேக்குறது, ரெவின்யூ ஆளுங்க மூலமா நிரப்புவாங்க. எங்க ஊர் பாரத்த கையில வச்சுக்கிட்டு அப்ப இருந்த ரெவின்யூ ஆளு டீக்கடையில என்னப் பாத்து "சார், உங்க ஊருக்கு பஸ் வருதுல்ல?"ன்னாரு. நான் டீய ஊதிக்கிட்டே "வருது"ன்னேன். அவரும் குறிச்சுக்கிட்டாரு. பொய் இல்ல, வந்துச்சு, விலக்கு வரைக்கும். அவரு கேட்ட கேள்விக்கு அதுதான் பதில், அதுக்கு மேல எழுத அந்த பாரத்துல இடமும் இல்ல.

இதுல உள்ள சூட்சுமம் நிறைய பேருக்கு தெரியாது, படிச்சவங்களுக்கே தெரியாது. சென்சஸ்ல கிராமம்னா வருவாய் கிராமம். நாம 'ஊரு'ன்னு சொல்றது வேற. ஒரு வருவாய் கிராமத்துக்குள்ள தாய் கிராமம் ஒண்ணு இருக்கும், அத சுத்தி காலனி, புதூர், பட்டி, ஏந்தல்னு நாலு அஞ்சு குடியிருப்பு சிதறிக் கிடக்கும். தமிழ்நாட்டுல 2011 சென்சஸ் படி கிராமங்கள் சுமாரா 16 ஆயிரம். ஆனா ஊரக வளர்ச்சித் துறை கணக்குல குக்கிராமம், அதாவது இந்த மாதிரி குடியிருப்பு, 79 ஆயிரத்துக்கும் மேல. வகுத்துப் பாருங்க, கையேட்டுல ஒரு வரி வர்ற இடத்துல நிஜத்துல அஞ்சு ஊர் இருக்கு. அந்த அஞ்சுல ஒண்ணு மெயின் ரோட்டு மேல இருந்து அங்க பஸ் நின்னா போதும், மிச்ச நாலு ஊருக்கும் சேத்து 'உண்டு'. எங்க வருவாய் கிராமத்துல தாய் கிராமம் ரோட்டு மேல இருக்கு, நாங்க கம்மாக்கு அந்தப்பக்கம்.

கிராமத்துல வசதி இல்லேன்னா எவ்ளோ தூரத்துல இருக்குன்னு எழுத அதுல ஏ, பி, சின்னு மூணு எழுத்து உண்டு. அஞ்சு கிலோமீட்டருக்குள்ளன்னா ஏ, அஞ்சுலேர்ந்து பத்துன்னா பி, பத்துக்கு மேலன்னா சி. கிராமத்துலயே இருந்தா இந்த எழுத்துக்கே வேலை இல்ல. அதாவது எங்களுக்கு ஒரு ஏ கூட கிடைக்கல பாருங்க, மூணு கிலோமீட்டர் நடக்குறவனுக்கு நியாயமா கிடைக்க வேண்டியது அது. சி போட்டாலும் பிரச்சனை இருக்கு, பதினோரு கிலோமீட்டரும் சி தான், நாப்பதும் சி தான்.

நான் சென்சஸ குறை சொல்ல வரல, அதுல வேலை பாத்தவனுக்கு அதோட அருமை தெரியும். நாடு முழுக்க ஒரே நேரத்துல கணக்கெடுக்குறது 1881லேர்ந்து நடக்குது, ஒரு எண்யூமரேட்டருக்கு ஒதுக்குற பிளாக்குன்னா சுமாரா 125, 150 வீடு, மேப்ப நாமளே கையால வரையணும், கோயில், கிணறு, அடிபம்பு எல்லாம் குறிக்கணும், வீட்டுக்கு நம்பர் போடணும். நாய் கடிக்கு ஊசி போட்டுக்கிட்ட எண்யூமரேட்டர் எல்லாம் எங்க பேட்ச்ல உண்டு. ஒரு அப்பத்தாகிட்ட வயசு கேட்டேன், "தனுஷ்கோடி புயலப்ப மூத்தவன் கைப்புள்ள"ன்னுச்சு. புயல் 1964 டிசம்பர், மூத்தவனுக்கு ஒரு வயசுன்னா அப்பத்தாக்கு அப்ப இருவதாவது இருக்கும்னு மனக்கணக்கு போட்டு எழுதுனேன். அவ்ளோ பாடுபட்டு எடுக்குற கணக்குல போக்குவரத்துக்கு மட்டும் ஒத்த வார்த்தையில பதில் போதும்னு விட்டுட்டோமேன்னுதான் ஆதங்கம்.

மக்கள்தொகை பகுதியையும் சொல்றேன், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பின்னிக் கிடக்குது. 2011ல தமிழ்நாட்டு ஜனத்தொகை 7 கோடியே 21 லட்சம், அதுல கிராமத்துல இருந்தவங்க 3 கோடியே 72 லட்சம், பாதிக்கு கொஞ்சம் மேல. ஆனா யாரு எந்த ஊர் கணக்குல வருவாங்கன்னு ஒரு ரூல் இருக்கு. 2011ல பிப்ரவரி 9லேர்ந்து 28 வரைக்கும் கணக்கெடுத்தோம், அந்த இருவது நாளும் ஊர்ல தலை காட்டாதவன் எங்க தங்கியிருக்கானோ அங்கதான் அவனை எண்ணுவாங்க. சரியான ரூல்தான், இல்லேன்னா ஒருத்தனையே ரெண்டு தடவ எண்ணிருவோம். ஆனா எங்க ஊர்ல பாதி வீட்ல ஆம்பள திருப்பூர்ல இருக்கான், இல்ல சென்னையில, இல்ல அரபு நாட்டுல. அவன் வீடு இங்க, ரேஷன் கார்டு இங்க, ஓட்டு இங்க, பொங்கலுக்கும் மாசி களரிக்கும் குடும்பத்தோட வந்து இறங்குறது இங்க, கணக்குல மட்டும் இங்க இல்ல. புதுக்கோட்டை மாவட்டத்துல 2011ல ஆயிரம் ஆணுக்கு 1,015 பொண்ணு, மாநில சராசரி 996, இதுக்கு ஆம்பளைங்க வெளியூர் பொழப்புக்கு போறதும் ஒரு காரணம்னு நான் நெனைக்கிறேன். இருக்குற கணக்க வச்சு பாத்தா எங்க ஊர் பொம்பளைங்க, கெழடுங்க, ஸ்கூல் புள்ளைங்க ஊரு. சொந்தமா வண்டி ஓட்டாதவங்க எல்லாரும் ஊர்ல இருக்காங்க, ஓட்டத் தெரிஞ்சவன் வெளியூர்ல இருக்கான். பஸ் ரொம்ப தேவைப்படுற ஊரு இதுதான், ஆனா தலை கம்மியா இருக்கேன்னு பஸ் வராது.

தலை எண்ணிக்கைக்கு ஏன் இவ்ளோ பேசுறேன்னா ரோடே அத வச்சுதான் வருது. பிரதமர் கிராம சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25ல ஆரம்பிச்சாங்க, சமவெளியில 500 பேருக்கு மேல இருக்குற குடியிருப்புக்கு ரோடு, மலைப்பகுதின்னா 250. இதுல ஒரு நல்ல விஷயம் என்னன்னா ரோட்டுக்கு அவங்க வருவாய் கிராமத்த பாக்கல, குடியிருப்பத்தான் பாத்தாங்க, 500 மீட்டருக்குள்ள கிடக்குற சின்ன சின்ன குடியிருப்ப சேத்து ஒண்ணா எண்ணிக்கலாம்னு கூட வச்சாங்க. அதே மாதிரி நம்ம மாநிலத்துல 2011க்கு அப்புறம் வந்த 'தாய்'ங்குற குக்கிராம மேம்பாட்டுத் திட்டம், பஞ்சாயத்துக்கு இவ்ளோன்னு சமமா பணம் பிரிச்சா குக்கிராமம் நிறைய உள்ள பஞ்சாயத்து ஏமாந்து போகுதுன்னு கண்டுபிடிச்சு, குக்கிராம எண்ணிக்கைய வச்சு பணம் குடுத்தாங்க. ஆக குடியிருப்பு வாரியா யோசிக்க முடியாதுன்னு இல்ல, ரோடு போடுறவனும் தெருவிளக்கு போடுறவனும் யோசிச்சிருக்கான், பஸ்ஸுக்கு மட்டும்தான் யாரும் யோசிக்கல. இன்னொண்ணு, 2024 செப்டம்பர்ல மத்திய அமைச்சரவை ஒத்துக்கிட்ட அந்த சாலைத் திட்டத்தோட நாலாவது கட்டம், 25 ஆயிரம் குடியிருப்புக்கு ரோடு, அதுவும் 2011 கணக்குப்படிதான். 2021ல எடுக்க வேண்டிய சென்சஸ் கொரோனாவால தள்ளிப் போச்சு, அதனால அன்னிக்கு நாங்க பேனாவால எழுதுன நம்பர்தான் இன்னும் ரோடு போட்டுக்கிட்டிருக்கு. அத நெனச்சா பெருமையாவும் இருக்கு, வயித்தக் கலக்கவும் செய்யுது.

எங்க ஊருக்கு தார் ரோடு இருக்கு, இல்லேன்னு சொன்னா பாவம். 1972ல பல்லவன், பாண்டியன், சேரன்னு அரசு பஸ் வந்தப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உள் ஊருக்கெல்லாம் டவுன் பஸ் விட்டாங்க, எங்க ஊருக்குள்ளயும் ஒரு காலத்துல வண்டி வந்துச்சு. நைட் ஹால்ட் வண்டி. டிரைவரும் கண்டக்டரும் ஸ்கூல் திண்ணையில படுப்பாங்க, ராத்திரி வர்ற வண்டி சத்தம் கேட்டாதான் எங்க அம்மா அடுப்ப அணைக்கும். அப்புறம் ஒரு மழையில கம்மாக்கரை ரோடு அரிச்சுது, வண்டி போகாதுன்னாங்க, சரின்னோம். ரோடு போட்டாச்சு, வண்டி வரல. கேட்டா கலெக்ஷன் இல்லேன்னாங்க, அப்புறம் வண்டி இல்லேன்னாங்க, அப்புறம் டிரைவர் இல்லேன்னாங்க. எந்த டெப்போன்னு சொல்ல மாட்டேன், ஏன்னா பக்கத்து தாலுகா வாத்தியார்கள கேட்டாலும் இதே கததான்.

பஸ் நின்னதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு எந்த பாரத்துலயும் இல்ல, நான் கண்ணால பாத்தத சொல்றேன். புள்ளைங்க ஒம்பதாவது, பத்தாவது போறப்ப வசதி உள்ளவன் விலக்கு ரோட்டு மேல ஒரு எடம் வாங்கி வீடு கட்டி போயிட்டான். அடுத்தவன் வாடகைக்கு டவுனுக்கு போயிட்டான். மிஞ்சினவன் டிவிஎஸ் எக்ஸெல் வாங்குனான். எங்க ஊரோட நிஜமான போக்குவரத்துக் கழகம் அந்த எக்ஸெல்தான் சார், முன்னாடி உர மூட்டை, பின்னாடி பொண்டாட்டி, நடுவுல புள்ள, ஹேண்டில்ல தூக்குவாளி. 2011 சென்சஸ்ல நாட்டுல கிராமத்து வீடுகள்ல நூத்துக்கு 46 வீட்ல சைக்கிள், 14 வீட்லதான் டூவீலர், 2 வீட்ல கார் ஜீப். இப்ப எடுத்தா டூவீலர் எங்கயோ போயிருக்கும். அத பாத்துட்டு யாராவது ஆபீசர் "கிராமமெல்லாம் முன்னேறிருச்சு, வீட்டுக்கு வீடு வண்டி"ன்னு எழுதுவாரு, அந்த வண்டியில எத்தன பஸ் இல்லாத கொடுமைக்கு தவணையில வாங்குனதுன்னு எப்படி தெரியும்?

கூலிக்கு போற பொம்பளைங்க கத இன்னும் மோசம். நாத்து நட, களை எடுக்க, மிளகாய் பழம் எடுக்கன்னு விடியக்காலம் குட்டியானையில ஏத்திட்டு போறாங்க, பின்னாடி கம்பிய புடிச்சு நின்னுக்கிட்டு இருவது பேரு. அது சரக்கு வண்டி, ஆள் ஏத்தக் கூடாது, எல்லாருக்கும் தெரியும், வேற வண்டி எங்க இருக்கு? இங்கயும் சென்சஸ்ல ஒரு ஓட்டை. வேலைக்கு எவ்ளோ தூரம் போறீங்க, எதுல போறீங்கன்னு 2011ல ரெண்டு கேள்வி இருந்துச்சு, நானே கேட்டிருக்கேன். ஆனா அத கேக்க வேண்டியது 'மற்ற பணியாளர்'கிட்ட மட்டும், அதாவது சொந்த விவசாயம், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் இந்த மூணும் இல்லாதவங்ககிட்ட. விவசாயக் கூலின்னு சொன்னா அந்த ரெண்டு கட்டத்தயும் தாண்டிப் போயிடணும். வயலு வீட்டுப் பக்கத்துல இருக்கும்னு நெனச்சிருப்பாங்க போல. இருவது கிலோமீட்டர் தள்ளி குட்டியானையில போறவ கணக்குல நடந்து கூட போகல, எதுலயுமே போகல.

சைக்கிள பத்தி சொல்லாம விட்டா தப்பாயிரும். 90கள் ஆரம்பத்துல புதுக்கோட்டையில எழுத்தறிவு சொல்லிக்குடுத்த அறிவொளி இயக்கத்துல ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் பழகுனாங்க, அப்ப கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா அத முன்னால நின்னு நடத்துனாங்க. தண்ணி எடுக்க, கூலிக்கு போக, புள்ளய ஸ்கூல்ல விடன்னு அவங்களே போனாங்க, எவன் தயவும் வேணாம்னு. எங்க பக்கத்துக்கும் அந்த காத்து கொஞ்சம் அடிச்சுது. இன்னிக்கு ப்ளஸ் ஒன் புள்ளைங்களுக்கு அரசாங்கம் குடுக்குற சைக்கிள்லதான் எங்க ஊர் பொம்பளப் புள்ளைங்க விலக்குக்கு போகுதுங்க, அங்க டீக்கடையில பூட்டி வச்சுட்டு பஸ் ஏறுதுங்க. டீக்கடைக்காரரு காசு வாங்குறதில்ல, அவர பத்தி பேப்பர்ல போட்டா நல்லா இருக்கும்.

2021 மே மாசத்துலேர்ந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. நல்ல திட்டம், மனசார சொல்றேன், என் மருமக மாசம் மிச்சம் பண்ற காசு அவ கையில இருக்கு. ஆனா பஸ்ஸே வராத ஊருக்கு ஃப்ரீயும் வராது இல்லையா, விலக்கு வரைக்கும் ஷேர் ஆட்டோல காசு குடுத்து போயிட்டு அங்கேர்ந்து இலவசமா போறோம். மினி பஸ் விட்டா தீரும்னு சொல்றாங்க. 1997ல மினி பஸ் கொண்டு வந்தாங்க, 2025 ஜூன்ல புது மினி பஸ் திட்டம் ஆரம்பிச்சாங்க, ஒரு ரூட் 25 கிலோமீட்டர் வரைக்கும் போகலாம், அதுல 65 சதவீதமாவது பஸ் போகாத பாதையா இருக்கணும்னு ரூல். கேக்க நல்லாருக்கு. ஆனா மினி பஸ் ஓட்டுறது தனியார், அதுல பொம்பளைங்களுக்கு இலவசம் கிடையாது. ரோட்டு மேல இருக்குறவளுக்கு ஃப்ரீ, மூணு கிலோமீட்டர் உள்ள இருக்குற ஏழைக்கு டிக்கெட், இத யாராவது பெரியவங்க காதுல போடணும். இன்னொரு கேள்வி, 'பஸ் போகாத பாதை'ன்னு எத வச்சு முடிவு பண்ணுவாங்க? ரோட்ட அளந்து பாத்தா சரி, கையேட்ட பாத்தா எங்க ஊருக்கு பஸ் 'உண்டு'.

இப்ப ஏன் எழுதுறேன்னா அடுத்த சென்சஸ் வந்தாச்சு. 2025 ஜூன் 16ல அறிவிக்கை போட்டாங்க, 2027 மார்ச் 1 தான் கணக்கு நாள், அதுக்கு முன்னாடி 2026 ஏப்ரல்லேர்ந்து செப்டம்பருக்குள்ள வீட்டுப் பட்டியல். பேப்பர் இல்ல, எல்லாம் மொபைல் ஆப், நாமளே வேணும்னாலும் பதிஞ்சுக்கலாம். வீட்டுப் பட்டியல்ல 33 கேள்வி, இன்டர்நெட் இருக்கா, சைக்கிள் இருக்கா, டூவீலர் இருக்கா, கார் இருக்கா எல்லாம் உண்டு. வீட்ல என்ன வண்டி நிக்குதுன்னு கேக்குறாங்க, வீட்டுக்கு வெளிய என்ன வண்டி வருதுன்னு கேக்கல. சாதி கணக்கும் இந்த தடவ எடுக்குறாங்க, அத பத்தி எல்லாரும் பேசுறாங்க, டிவில தினம் விவாதம். கிராம வசதிப் பாரம்னு ஒண்ணு இருக்குறதே யாருக்கும் ஞாபகம் இல்ல.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. அந்த பாரத்துல 'பஸ் உண்டா'ங்குற கேள்விக்கு பக்கத்துல ஒரு நாளைக்கு எத்தன நடை, முதல் வண்டி எத்தன மணிக்கு, கடைசி வண்டி எத்தன மணிக்குன்னு மூணு கட்டம் சேருங்க. டெப்போல கேட்டா டைம் ஷீட்ட எடுத்து குடுத்துருவாங்க. அதவிட முக்கியம், வருவாய் கிராமத்துக்கு ஒரு வரின்னு இல்லாம ஒவ்வொரு குடியிருப்புக்கும் அது பஸ் நிக்குற இடத்துலேர்ந்து எவ்ளோ தூரம்னு எழுதுங்க. பேனாவால எழுதுனப்ப முடியலேன்னு சொன்னா ஒத்துக்குவேன், நானே எழுதி கை வலிச்சவன். மொபைல்ல எடுக்குறப்ப என்ன கஷ்டம்? டெல்லியில முடியாதுன்னா நம்ம மாநிலமே செய்யலாம், வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது, வரவு செலவு வாசிக்கிறாங்க, குடியிருப்பு வாரியா பஸ் டைம வாசிச்சு தீர்மானத்துல ஏத்தச் சொன்னா போதும். எங்க ஊர்ல அடுத்த சபையில நானே எழுந்து நிக்கலாம்னு இருக்கேன், மைக் புடிச்சா நிறுத்த மாட்டேன்னு ஊர்ல எனக்கு ஒரு கெட்ட பேரு இருக்கு, பாப்போம்.

இந்த தடவ எங்க பிளாக்குக்கு கணக்கெடுக்க யாரு வருவாங்கன்னு தெரியல, அனேகமா நான் அ ஆ சொல்லிக்குடுத்த புள்ளைங்கள்ல ஒண்ணா இருக்கும். வசதிப் பாரத்தோட யாராவது டீக்கடைக்கும் வருவாங்க. "சார், பஸ் வருதா?"ன்னு கேட்டா டீய கீழ வச்சுட்டு சொல்லணும்னு எழுதியே வச்சிருக்கேன்: காலையில 7.20க்கு ஒண்ணு, சாயங்காலம் 5.40க்கு ஒண்ணு, ரெண்டும் விலக்கோட சரி, எங்க தெருவுலேர்ந்து அங்க நடக்க எனக்கு அம்பது நிமிஷம், ஞாயித்துக்கிழமை வண்டி கிடையாது.

இப்படிக்கு,
விலக்குலேர்ந்து மூணு கிலோமீட்டர் உள்ள இருக்கும் உங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்